காம்பும் விரிப்பும்: நுரையீரல் உறைக் கட்டிகளில் அறுவையின் எல்லை

நுரையீரல் உறையில் கட்டி என்று ஸ்கேன் அறிக்கையில் ஒரு வரி இருந்தால் போதும், படிக்கிற மருத்துவரின் மனத்தில் மீசோதீலியோமா என்ற பெயர் வந்து உட்கார்ந்துகொள்ளும். நோயாளியின் மகன் கைப்பேசியில் தேடினாலும் அதுதான் முதலில் வரும்: ஆஸ்பெஸ்டாஸ் தூசி, நெஞ்சில் நீர், ஓராண்டு ஒன்றரை ஆண்டு ஆயுள். அதே உறையில் முளைக்கும் வேறொரு கட்டியும் உண்டு. இக்கட்டுரையில் அதைத் தனித்த நார்க்கட்டி என்று குறிப்பிடுகிறேன். அதற்கும் ஆஸ்பெஸ்டாஸுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. புகைப்பழக்கத்தோடும் தொடர்பு இல்லை. பெரும்பாலான நோயாளிகளுக்கு ஒரே அறுவையோடு அது தீர்ந்துபோகிறது. இரண்டுமே அரிய கட்டிகள். ஒன்றில் கத்தியே மருந்து. மற்றொன்றில் கத்தி எடுத்ததால் ஆயுள் கூடியதற்கு முறையான சான்று இதுவரை கிடைக்கவில்லை. கிடைத்த சான்று எதிர்ப்பக்கம் நிற்கிறது.

ஏன் இந்த வேறுபாடு என்று கேட்டால், ஒன்று சாது, மற்றொன்று புற்று என்பதே வழக்கமான விடை. அது பாதி விடை என்பது என் வாதம். கட்டி எந்தச் செல்லிலிருந்து பிறந்தது என்பது எவ்வளவு முக்கியமோ, அது உறையை எப்படிப் பற்றியிருக்கிறது என்பதும் அவ்வளவு முக்கியம். காம்பில் தொங்குவதைச் சுற்றிலும் நல்ல திசுவோடு வெட்டி எடுக்கலாம். விரிப்பாகப் படர்ந்ததை உரிக்கத்தான் முடியும். எவ்வளவு கவனமாக உரித்தாலும் அடியில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். நோயறிதலில் கட்டியின் பெயரைக் கண்டுபிடிப்பதோடு நிறுத்திக்கொண்டு, அதன் பிடிப்பைச் சொல்லாமல் விடுகிற அறிக்கை அறுவை மருத்துவருக்கு அரைகுறை அறிக்கைதான்.

உறையின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். ப்ளூரா என்கிற இந்தச் சவ்வு நுரையீரலைப் போர்த்தி, அதன் வேரருகே மடங்கித் திரும்பி, விலா எலும்புகளின் உட்புறம், உதரவிதானத்தின் மேற்புறம், இதய உறையின் பக்கவாட்டு என எல்லாவற்றையும் ஒட்டிப் படர்கிறது. நுரையீரல் மேல் இருப்பது உள்ளுறை, நெஞ்சுச் சுவரில் இருப்பது வெளியுறை. நடுவே சில மில்லிலிட்டர் நீர்தான் இருக்கும். வெளியுறைக்கு வலி தெரியும், உள்ளுறைக்குத் தெரியாது. தனித்த நார்க்கட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு உள்ளுறையில்தான் பிறக்கின்றன. அதனால்தான் அவை தேங்காய் அளவுக்கு வளர்ந்த பிறகும் சிலருக்கு வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் தற்செயலாகத் தென்படுகின்றன. மீசோதீலியோமா பெரும்பாலும் வெளியுறையில் தொடங்குகிறது. வலியும் நீர்கோத்தலும் அங்கே முன்னதாகவே வந்துவிடுகின்றன.

ஒரு பெயர் செய்த குழப்பம்

1931இல் கிளெம்பரர், ராபின் என்ற இருவரும் உறையில் பிறந்த ஐந்து கட்டிகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரை இத்துறையில் முதல் எல்லைக்கல். உறைக் கட்டிகளை அவர்கள் இரண்டாகப் பிரித்தார்கள்: ஓரிடத்தில் நிற்பவை, பரவிப் படர்பவை. படர்பவை உறையின் மேற்பரப்பிலுள்ள மீசோதீலியச் செல்லிலிருந்து வருபவை என்றும், ஓரிடத்தில் நிற்பவை அதற்கு அடியிலுள்ள இணைப்புத் திசுவிலிருந்து வருபவை என்றும் அவர்கள் கருதினார்கள். இன்றைய அறிவோடு ஒப்பிட்டால், வெறும் நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு அவர்கள் எவ்வளவு சரியாக ஊகித்திருக்கிறார்கள் என்று வியப்பாக இருக்கிறது.

அந்த ஊகம் நிலைக்கவில்லை. 1942இல் ஸ்டௌட், மர்ரே ஆகியோர் இத்தகைய கட்டியின் திசுவை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்த்து, அது மீசோதீலியச் செல்லைப் போல நடந்துகொள்வதாக முடிவுக்கு வந்தார்கள். அதன் பிறகு அரை நூற்றாண்டு காலம் இக்கட்டிக்கு வைக்கப்பட்ட பெயர்களைப் பார்த்தால் சிரிப்பும் வரும், வருத்தமும் வரும். ஓரிட மீசோதீலியோமா, சாது மீசோதீலியோமா, நார் மீசோதீலியோமா, உறையடி நார்க்கட்டி என்று ஊருக்கு ஒரு பெயர். சாது மீசோதீலியோமா என்ற பெயர்தான் அதிகக் கேடு செய்தது என்பேன். மீசோதீலியோமாவில் சாதுவான வகை ஒன்று இருக்கிறது என்ற எண்ணத்தை அது விதைத்தது. மறுபக்கம், அதே பெயரைக் கேட்ட நோயாளிக்கு ஆஸ்பெஸ்டாஸ் பீதியையும் கொடுத்தது. பழைய சிகிச்சைக் குறிப்புகளை ஒப்பிட்டு ஆராய முயலும் எவரும், எந்த மீசோதீலியோமாவைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்பதை முதலில் பிரித்தெடுத்தாக வேண்டும்.

குழப்பம் சாயங்களால் தீர்ந்தது. திசுவைக் குறிப்பிட்ட புரதங்களுக்கான எதிர்ப்பொருள்களால் சாயமேற்றிப் பார்க்கும் முறை பரவியபோது, நார்க்கட்டியின் செல்கள் கெராட்டினுக்குச் சாயம் ஏற்கவில்லை. மீசோதீலியச் செல் என்றால் ஏற்றிருக்க வேண்டும். 1990களில் சி.டி.34 என்ற புரதம் இக்கட்டியில் இருப்பது தெரியவந்தது. கிளெம்பரரும் ராபினும் சொன்னதே சரி என்றாயிற்று. 2013இல் மரபணு மட்டத்திலேயே முடிச்சு அவிழ்ந்தது. 12ஆம் குரோமோசோமில் நாப்2, ஸ்டாட்6 என்ற இரண்டு மரபணுக்கள் பக்கத்துப் பக்கத்தில், எதிரெதிர்த் திசையில் படிக்கப்படுபவையாக இருக்கின்றன. அத்துண்டு தலைகீழாகத் திரும்பி ஒட்டிக்கொள்ளும்போது இரண்டும் ஒரே மரபணுவாக இணைந்துவிடுகின்றன. இணைந்த புரதம் செல்லின் கருவுக்குள் போய்க் குவிகிறது. ஆகவே ஸ்டாட்6 சாயம் கருவில் பழுப்பாகப் பளிச்சென்று தெரிந்தால் அது தனித்த நார்க்கட்டி. மூளையுறையில் வந்தாலும் தொடையில் வந்தாலும் இதே அடையாளம்தான். உறைக்கே உரிய கட்டி என்று கருதப்பட்டது, உடம்பில் எங்கு வேண்டுமானாலும் வரக்கூடியது என்பது இவ்வாறு உறுதிப்பட்டது.

சாயத்துக்கும் எல்லை உண்டு. கட்டி மிக முரட்டுத்தனமாக உருமாறும்போது சி.டி.34 மங்கிவிடலாம், சில வேளை ஸ்டாட்6 கூட மறைந்துவிடலாம். சந்தேகம் வரும் இடங்கள் பெரும்பாலும் அங்கேதான்.

விடியற்காலை மயக்கம்

இக்கட்டியின் அறிகுறிகளில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். நீரிழிவு இல்லாத, இன்சுலினோ மாத்திரையோ எடுக்காத ஒரு முதியவர் விடியற்காலையில் எழுந்ததும் உளறுகிறார், வியர்த்துக் கொட்டுகிறது, சில சமயம் வலிப்பும் வருகிறது. ஒரு டம்ளர் இனிப்பான காப்பி குடித்ததும் சரியாகிவிடுகிறது. வீட்டில் வயதான கோளாறு என்கிறார்கள். மனநல மருத்துவரிடம்கூடப் போய்விட்டு வருகிறார்கள். மயங்கிய நேரத்தில் இரத்தச் சர்க்கரையைப் பார்த்தால் 40க்கும் கீழே இருக்கிறது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கட்டி இருக்குமோ என்று தேடுகிறார்கள். ஆனால் இரத்தத்தில் இன்சுலினும் குறைவாகவே இருக்கிறது. அப்போதுதான் யாராவது ஒருவருக்கு மார்பு எக்ஸ்ரே எடுக்கத் தோன்றுகிறது.

டோகி, பாட்டர் ஆகிய இருவர் 1930இல் தனித்தனியாக இதைப் பதிவு செய்தார்கள். நோய்க்குறித் தொகுப்பு அவர்கள் பெயராலேயே டோகி–பாட்டர் என்று வழங்குகிறது. நார்க்கட்டி நோயாளிகளில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகவே இது வருகிறது. பெரிய கட்டிகளில்தான் பெரும்பாலும் காணப்படுகிறது. கட்டி, இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணி 2 என்ற பொருளை முழுமையாக வெட்டிச் சீராக்கப்படாத பெரிய வடிவத்தில் சுரக்கிறது. அது இன்சுலினைப் போலவே சர்க்கரையைத் திசுக்களுக்குள் தள்ளுகிறது, கல்லீரல் சர்க்கரை விடுவதைத் தடுக்கிறது. உடம்பு தன் இன்சுலினையும் வளர்ச்சி ஹார்மோனையும் அடக்கிக்கொள்கிறது. மேலே சொன்ன நாப்2–ஸ்டாட்6 இணைப்பு தூண்டிவிடும் மரபணுக்களில் இந்த வளர்ச்சிக் காரணியும் ஒன்று. 1930இல் படுக்கையருகே கண்ட மயக்கத்துக்கும் 2013இல் குரோமோசோமில் கண்ட திருப்பத்துக்கும் இடையே இப்படி ஒரு நேர்க்கோடு ஓடுகிறது. கட்டியை எடுத்ததும் சர்க்கரை நிமிர்ந்துவிடும். அறுவை அரங்கிலேயே குளுக்கோஸ் சொட்டைக் குறைக்க வேண்டியிருக்கும்.

விரல் நுனிகள் மேளக்குச்சி போலப் பருப்பதும், மணிக்கட்டும் கணுக்காலும் வலிப்பதும் இன்னொரு அடையாளம். இதுவும் கட்டி போனபின் மறைகிறது. மூட்டுவலிக்கு ஆண்டுக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டவர்களின் நெஞ்சில் கட்டி இருந்த கதைகள் மருத்துவ இலக்கியத்தில் உண்டு.

காம்பைப் பிடிப்பது

சி.டி. ஸ்கேனில் எல்லை தெளிவான, வழவழப்பான ஓர் உருண்டை தெரியும். அது நுரையீரலைத் தள்ளியிருக்குமே தவிரக் கடித்திருக்காது. நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து எடுத்த படத்தில் ஓரிடத்திலும், குப்புறப் படுக்கவைத்து எடுத்த படத்தில் வேறோர் இடத்திலும் கட்டி இருந்தால், அதற்குக் காம்பு இருக்கிறது என்று பொருள். இவ்வளவு எளிய சோதனை வேறு எந்த நெஞ்சுக் கட்டிக்கும் இல்லை. ஆனால் எல்லா மையங்களிலும் இரண்டு நிலைகளில் படம் எடுப்பதில்லை. கேட்டால்தான் எடுப்பார்கள்.

ஊசி போட்டுத் திசு எடுப்பதில் ஒரு சிக்கல். மெல்லிய ஊசியால் உறிஞ்சினால் சில நீள்செல்களும் நாரும்தான் வரும், எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. தடித்த ஊசியால் துண்டு எடுத்தால் பெயர் தெரிந்துவிடும். ஆனால் அந்தக் கட்டி சாதுவா, முரடா என்பது தெரியாது. ஒரே கட்டியில் ஒரு பகுதி சாதுவாகவும் அடுத்த பகுதி முரடாகவும் இருப்பது இங்கே சாதாரணம். எனவே படத்தில் காம்போடு தெளிவாகத் தெரியும் கட்டிக்கு, ஊசி போடாமலே நேராக அறுவைக்குப் போவதில் தவறில்லை. இதில் கருத்து வேறுபாடு உண்டு. பெரிய கட்டிக்கும், விலாச் சுவரில் அகலமாக ஒட்டியிருப்பதற்கும் முன்கூட்டிய திசுப் பரிசோதனை வேண்டும் என்பதே என் நிலை. ஏனெனில் அங்கே மாற்று நோய்கள் பல.

அறுவையை ஒருமுறை கிட்டத்தில் பார்ப்போம். இரட்டைக் குழாய் வழியே மயக்க மருந்து நிபுணர் ஒரு பக்க நுரையீரலுக்கு மட்டும் காற்றுத் தருகிறார். மறுபக்க நுரையீரல் காற்றிறங்கிச் சுருங்குகிறது. விலா இடுக்கில் விரலளவு துளையிட்டுக் கேமரா போகிறது. சாம்பல் கலந்த வெண்மையில், மேலே மெல்லிய இரத்தக் குழாய்கள் ஓட, பளபளவென்று ஒரு கட்டி. கருவியால் தொட்டால் ரப்பர் போல நகர்கிறது. அதைத் தூக்கினால் அடியில் காம்பு. சில சமயம் சுண்டுவிரல் பருமன், சில சமயம் இரண்டு விரல். தவறு நடக்கும் இடம் இதுதான். காம்பைக் கண்டதும் காம்பிலேயே வெட்டிவிடக் கை பரபரக்கும். காம்பு ஒட்டியிருக்கும் நுரையீரல் பகுதியையும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நல்ல திசுவோடு சேர்த்து ஸ்டேப்ளர் கருவியால் வெட்ட வேண்டும். பிறகு கட்டியைப் பைக்குள் போட்டு வாயைக் கட்டி, தேவையான அளவுக்குத் துளையைப் பெரிதாக்கி, முழுசாக வெளியே எடுக்க வேண்டும். சின்ன வடுவுக்கு ஆசைப்பட்டுத் துண்டு போடக்கூடாது. கேமராத் துளை வழியிலேயே கட்டி மீண்டும் முளைத்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. வெளியே எடுத்து அறுத்துப் பார்த்தால், கருப்பை நார்க்கட்டியைப் போலவே சுழல் சுழலாக நார் ஓடியிருக்கும்.

பாதி நெஞ்சை அடைத்துக்கொண்டிருக்கும் ராட்சதக் கட்டியில் கதை வேறு. அங்கே பயம் இரத்தப்போக்கு. விலாத் தமனிகள், மார்பக உட்தமனி, உதரவிதானத் தமனி என்று பல இடங்களிலிருந்து அதற்கு இரத்தம் வரும். அறுவைக்கு முன்னர் அக்குழாய்களைக் கதிரியக்க நிபுணரைக் கொண்டு அடைத்துவிடுவது பல மையங்களில் வழக்கம். கட்டி வெளியுறையில் அகலமாக அமர்ந்திருந்தால், உறைக்கு வெளியே தளம் பிடித்து உரித்தெடுக்க வேண்டும். சுவருக்குள் இறங்கியிருந்தால் விலா எலும்புகளையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

இனி என் வாதத்துக்கான முதல் சான்று. 1989இல் இங்கிலாண்டும் உடன் பணியாற்றியவர்களும் அமெரிக்கப் படைத்துறை நோயியல் நிறுவனத்தில் சேர்ந்திருந்த 223 நார்க்கட்டிகளை ஆராய்ந்தார்கள். அதில் 82 முரட்டு வகை. நுண்ணோக்கியில் செல் நெருக்கம், பத்துப் புலங்களில் நான்குக்கு மேற்பட்ட செல்பிரிவுகள், திசு அழுகல், இரத்தக்கசிவு ஆகியவை முரட்டு வகையின் அடையாளங்கள். அப்படி முரடு என்று முத்திரை குத்தப்பட்டவற்றிலும் பாதிக்குச் சற்றுக் குறைவானவை வெறும் அறுவையால் குணமாயின. குணமானவை காம்புள்ளவையாகவோ எல்லை தெளிவானவையாகவோ இருந்தன. முழுமையாக எடுக்க முடிந்ததா என்பதே விளைவைச் சொல்லும் முதன்மைக் குறி என்று அவர்கள் முடிவு செய்தார்கள்.

2002இல் டி பெரோ குழுவினர் இதைத் தெளிவான எண்களாக்கினார்கள். சாதுவான காம்புக் கட்டி எடுத்தபின் மீண்டும் வருவது நூற்றுக்கு 2. சாதுவாக இருந்தும் அகல அடி கொண்டது 8. முரட்டுக் காம்புக் கட்டி 14. முரடும் அகல அடியும் சேர்ந்தால் 63. இந்நான்கு எண்களையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். நடுவிலுள்ள 14ஐயும் கடைசி 63ஐயும் ஒப்பிடுங்கள். இரண்டிலும் செல் முரட்டுச் செல்தான். அடி மட்டுமே வேறு. செல்லின் சுபாவம் ஒன்றே விதி என்றால் இந்த இடைவெளி வரக் காரணமில்லை. பல அறுவைக் குறிப்புகளில் இந்த அடியைப் பற்றி ஒரு சொல்கூட இருப்பதில்லை. கட்டியின் நீள அகலத்தைச் சென்டிமீட்டரில் எழுதுகிறவர்கள், அது எதைப் பற்றியிருந்தது என்பதை எழுத மறந்துவிடுகிறார்கள்.

விரிப்பை உரிப்பது

தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி நகரில் 1950களில் காசநோய் மருத்துவமனை ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்த ஸ்லெக்ஸ் ஒரு விந்தையைக் கவனித்தார். நெஞ்சில் நீர் கோத்து வந்தவர்களில் நகருக்குக் கிழக்கேயிருந்து வந்தவர்கள் காசநோய் மருந்துக்குத் தேறினார்கள். மேற்கேயிருந்து வந்தவர்கள் தேறவில்லை. மேற்கே இருந்தவை நீல ஆஸ்பெஸ்டாஸ் குன்றுகள். நெஞ்சு அறுவை மருத்துவர் மார்ச்சண்ட் திசு எடுத்துத் தர, நோயியலாளர் வாக்னர் அதைப் பார்த்தார். 1960இல் மூவரும் சேர்ந்து 33 நோயாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஆஸ்பெஸ்டாஸையும் மீசோதீலியோமாவையும் ஐயமின்றி இணைத்தது. சுரங்கத்தில் இறங்காமல், குழந்தைப் பருவத்தில் அந்தப் பக்கம் குடியிருந்ததால் மட்டுமே நோய் வந்தவர்களும் அதில் இருந்தார்கள். தூசி போய் நோய் வர முப்பது, நாற்பது ஆண்டுகள் ஆகின்றன.

காசநோய் நீர்கோத்தல் மலிந்த நம் நாட்டில் இந்தக் கிம்பர்லிக் கதை வெறும் வரலாறு இல்லை. நெஞ்சில் நீர் என்றதும் ஆறு மாதக் காசநோய் மருந்து தொடங்குவது பெரும்பாலும் சரியான முடிவாகவே அமைகிறது. அதனாலேயே தவறான முடிவு கண்ணில் படுவதில்லை. நீரில் அடினோசின் டிஅமினேஸ் கூடியிருந்தால் காசநோய் என்று முடித்துவிடுகிறோம். மீசோதீலியோமாவிலும் சில வேளை அது கூடும். மருந்து இரண்டு மாதம் சாப்பிட்டும் நீர் திரும்பத் திரும்பக் கோத்தால், உறை தடித்து நுரையீரலைச் சுற்றிலும் ஓடு போல இறுகினால், அதற்கு மேல் காத்திருக்கக் கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இன்னும் தடையின்றி விற்கப்படும் நாட்டில், அதை அறுத்தும் துளைத்தும் வேலை செய்தவரா என்று கேட்கும் கேள்வி நோய் வரலாற்றில் இடம்பெற வேண்டும்.

நீரை மட்டும் பரிசோதித்தால் பல வேளைகளில் உறுதி கிடைக்காது. மீசோதீலியோமாவின் நீள்செல் வகை நீரில் செல்களை உதிர்ப்பதே அரிது. உறைக்குள் கேமரா விட்டு, கண்ணால் பார்த்து, அடியிலுள்ள கொழுப்பு வரை ஆழமாகத் திசு எடுப்பதுதான் வழி. 1910இல் ஸ்டாக்ஹோமில் யாக்கோபியஸ் தொடங்கிவைத்த முறை அது. மீசோதீலியச் செல் கொழுப்புக்குள் இறங்கியிருப்பதைக் காண்பதே படர்புற்றுக்கும், அதாவது விரிப்பாகப் படரும் மீசோதீலியோமாவுக்கும், வெறும் அழற்சித் தழும்புக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லும். பிறகு சாயங்கள்: கால்ரெட்டினினும் டபிள்யூ.டி.1ம் ஏற்றால் மீசோதீலியத்தின் பக்கம். கிளாடின்-4ம் டி.டி.எஃப்.1ம் ஏற்றால் நுரையீரல் புற்றின் பக்கம். பாப்1 புரதம் செல்லின் கருவிலிருந்து காணாமற்போயிருந்தால் அது அழற்சி இல்லை, புற்று.

இப்போது கத்திக்கு வருவோம். 1976இல் நியூகாசிலில் பட்சார்ட் 29 நோயாளிகளுக்கு நுரையீரல், உறை, உதரவிதானம், இதய உறை என எல்லாவற்றையும் சேர்த்தெடுத்த அனுபவத்தை வெளியிட்டார். அவர்களில் 9 பேர் அறுவையை ஒட்டி இறந்தார்கள், நூற்றுக்கு 31. பிறகு கைத்திறன் வளர்ந்தது. பாஸ்டனில் ஷுகர்பேக்கர் குழு 1999இல் வெளியிட்ட 183 நோயாளிகளில் அறுவை இறப்பு 3.8 விழுக்காடாகக் குறைந்தது. இடைநிலை வாழ்நாள் 19 மாதம். அவர்களில் செல்வகை நல்லதாக, விளிம்பும் நிணநீர்க் கணுக்களும் சுத்தமாக இருந்த 31 பேருக்கு அது 51 மாதம். உலகெங்கும் மேற்கோள் காட்டப்பட்டது அந்த 51தான். அந்த 31 பேரை அறுவை செய்து முடித்த பிறகுதான் அடையாளம் காண முடியும் என்பதைப் பலரும் சொல்ல மறந்தார்கள். அவர்களுடைய நோய் இயல்பிலேயே மெதுவானதாக இருந்திருக்கலாம். அறுவை செய்யாதிருந்தாலும் அவர்கள் மற்றவர்களைவிட நீண்டநாள் வாழ்ந்திருப்பார்களா என்ற கேள்விக்கு அந்த ஆய்வில் விடை இல்லை.

விடைக்கு ஒப்பீட்டாய்வு தேவைப்பட்டது. பிரிட்டனில் நடந்த மார்ஸ் ஆய்வு 50 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து 2011இல் முடிவை வெளியிட்டது. நுரையீரலோடு எடுத்தவர்களுக்கு இடைநிலை வாழ்நாள் 14.4 மாதம், எடுக்காதவர்களுக்கு 19.5 மாதம். சிறிய ஆய்வு என்று குறை சொன்னார்கள். அது நியாயமான குறைதான். நுரையீரலை விட்டுவிட்டு உறையை மட்டும் உரித்தால் பலன் இருக்கும் என்றார்கள். அதைச் சோதித்த மார்ஸ் 2 ஆய்வில் 335 பேர். 2024இல் வந்த முடிவில் அறுவை செய்தவர்களுக்கு 19.3 மாதம், வேதிமருந்து மட்டும் எடுத்தவர்களுக்கு 24.8 மாதம். கடுமையான பக்கவிளைவுகள் அறுவைப் பிரிவில் மூன்றரை மடங்கு. கேமரா வழியே பகுதி உறை உரித்தலை, நீர் மீண்டும் கோக்காமல் தடுக்கும் டால்க் தூள் சிகிச்சையோடு ஒப்பிட்ட 2014ஆம் ஆண்டு ஆய்வும் ஆயுளில் ஆதாயம் காணவில்லை. ஓராண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் உரித்தவர்களில் நூற்றுக்கு 52, டால்க் பெற்றவர்களில் 57.

உறையின் உருவத்தை நினைத்துப் பார்த்தால் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. நோய் சவ்வு முழுவதும் இருக்கிறது. நுரையீரலின் பிளவுகளுக்குள், உதரவிதானத்தின் மடிப்பில், பெருந்தமனியின் மேல், உணவுக்குழாயின் பக்கத்தில். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நல்ல திசு என்ற விளிம்பை இங்கே எங்கிருந்து எடுப்பது? அந்தத் துறையின் அறுவை மருத்துவர்களே, கண்ணுக்குத் தெரிவதை முழுமையாக நீக்குவதே இலக்கு என்று எழுதுகிறார்கள். நுண்ணோக்கிக்குத் தெரிவது தங்கும் என்பதை அவர்கள் அறிவார்கள். மற்ற கட்டிகளுக்கு உரிய விளிம்பு என்ற கருத்தை விரிப்பின் மேல் கொண்டுவந்து வைப்பது அளவுகோலால் நீரை அளப்பது போல.

எதிர்வாதங்கள் இரண்டு. மார்ஸ் 2இல் அறுவை இறப்பு, அனுபவமுள்ள பெரிய மையங்களைவிட அதிகம். ஆகவே அது அறுவையின் தோல்வி இல்லை, மையங்களின் தோல்வி என்கிறார்கள். இதில் உண்மை இருக்கலாம். ஆனால் ஒரு சிகிச்சை உலகின் நான்கைந்து மையங்களில் மட்டுமே பலிக்கும் என்றால், அதைப் பொதுவான பரிந்துரையாக வைக்க முடியாது. இரண்டாவது எதிர்வாதம் எனக்கே உரைக்கிறது. படர்புற்று தோற்பது அதன் உருவத்தாலா, சுபாவத்தாலா? செல்லே முரடு என்றால் உருவத்தைப் பழி சொல்வானேன்?

இதற்கு விடை மூன்றாவது கட்டி ஒன்றிடம் இருக்கிறது. உண்மையான மீசோதீலியச் செல்லால் ஆன, ஆனால் ஒரே இடத்தில் உருண்டையாக நிற்கும் மீசோதீலியோமா மிக மிக அரிதாக வருகிறது. நுண்ணோக்கியில் படர்புற்றிலிருந்து அதைப் பிரித்தறிய முடியாது. 2005இல் ஆலன் குழுவினர் அத்தகைய 23 கட்டிகளைத் தொகுத்தார்கள். பின்தொடர முடிந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அறுவைக்குப் பின் நோயின்றி இருந்தார்கள், சிலர் பல ஆண்டுகள். படர்புற்றில் நினைத்துப் பார்க்க முடியாத விளைவு இது. செல் அதே, பிடிப்பு வேறு, விளைவு வேறு. தொகுப்பு சிறியது, ஆண்டுகள் பின்னோக்கித் திரட்டியது, ஓரிடத்தில் நிற்பதே மரபணுவில் ஏதோ வேறுபாட்டின் வெளிப்பாடாகவும் இருக்கலாம். இத்தனை தயக்கங்களையும் ஒப்புக்கொண்டாலும், அறுவையின் பயனைச் செல் மட்டும் தீர்மானிக்கிறது என்ற கருத்து இந்த 23 கட்டிகளின் முன்னால் நிற்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வகைப்பாடு இதைத் தனி வகையாகவே வைத்திருக்கிறது. மீசோதீலியோமா என்றாலே புற்றுதான் என்பதால், பெயருக்கு முன்னாலிருந்த அடைமொழியை அதே வகைப்பாடு நீக்கியும்விட்டது. 1942இல் தொடங்கிய பெயர்க் குழப்பம் முடிய ஏறக்குறைய 80 ஆண்டுகள் ஆயிற்று.

படர்புற்றுக்கு இன்று ஆயுளைக் கூட்டியிருப்பவை மருந்துகள். 2003இல் பெமட்ரெக்செட் சேர்ந்தபோது இடைநிலை வாழ்நாள் 9.3 மாதத்திலிருந்து 12.1 மாதமானது. 2021இல் நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற எதிர்ப்புச் சக்தி மருந்துகள் சேர்ந்தபோது 18.1 மாதமானது. மோசமான நீள்செல், கலப்பு வகைகளில்தான் அவை அதிகம் உதவின. அந்த ஆய்வில் இவ்வகைகளில் வேதிமருந்து பெற்றவர்களுக்கு 8.8 மாதம், புதிய மருந்து பெற்றவர்களுக்கு 18.1. அறுவை மருத்துவருக்கு இதில் மிச்சமிருக்கும் வேலை, நல்ல திசுத் துண்டு எடுத்துத் தருவதும், நீர் மீண்டும் கோக்காமல் தடுத்து மூச்சை எளிதாக்குவதும்தான். அது சின்ன வேலை இல்லை.

நார்க்கட்டி நோயாளிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. சாதாரணக் கட்டி, எடுத்தாகிவிட்டது, இனி வர வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களிடம் பத்தாண்டு கழித்தும் கட்டி திரும்பிய நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. ஆண்டுக்கு ஒருமுறை படம் எடுத்துப் பார்ப்பதைக் கைவிட வேண்டாம். அறிக்கை எழுதும் நோயியலாளர்களிடமும் அறுவை மருத்துவர்களிடமும் என் வேண்டுகோள்: கட்டிக்குக் காம்பா அகல அடியா, எந்த உறையில், விளிம்பில் எத்தனை மில்லிமீட்டர் நல்ல திசு, பத்துப் புலங்களில் எத்தனை செல்பிரிவு, இந்த நான்கையும் வெளியேற்றச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். 2013க்கு முன் சாது மீசோதீலியோமா என்று பெயரிட்டு அலமாரியில் வைத்த மெழுகுப் பாளங்கள் உங்கள் துறையில் இருந்தால், இடமில்லை என்று எறிந்துவிடாதீர்கள். ஸ்டாட்6 சாயத்தை அவற்றில் இன்றும் ஏற்றிப் பார்க்கலாம்.